அரை மில்லிமீட்டர் கணக்கு

கண் மருத்துவமனையில் லேசர் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இவைதான்: வலிக்குமா, எவ்வளவு செலவாகும், கண்ணாடி அடியோடு போய்விடுமா? எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் இந்தச் சிகிச்சை ஒருவருக்கு ஏற்றதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி வேறு. எடுத்தது போக என் கருவிழியில் எவ்வளவு மிஞ்சும்? அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

நாம் கருவிழி என்று சொல்லும் இடத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் உள்ளே இருக்கும் பகுதி. அதற்கு முன்னால், குறுக்களவில் 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, நிறமே இல்லாத ஒரு வளைந்த படலம் இருக்கிறது. மருத்துவர்கள் கார்னியா என்று சொல்வதும், மருத்துவமனைச் சீட்டுகளில் கருவிழி என்று எழுதுவதும் இதைத்தான். நடுவில் இதன் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரான் என்பதால், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்க நம் கண்ணுக்கு இருக்கும் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர்; கண்ணாடியின் பவரைச் சொல்லும் அலகுதான் அது. அதில் 43 டயாப்டரை இந்த மெல்லிய படலமே பார்த்துக்கொள்கிறது. பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்த விழிலென்ஸின் பங்கு மிச்சம் மட்டும்தான்.

ஒளி தடையின்றிப் புக வேண்டுமென்றால் வழியில் ரத்தக் குழாய் இருக்கக் கூடாது. கருவிழியில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அது உயிருள்ள திசு, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். விழித்திருக்கும்போது கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்தும், தூங்கும்போது இமையின் உட்புற ரத்தக் குழாய்களிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மேல்தோல் 50 மைக்ரான். கீறினாலும் உரிந்தாலும் ஒரு வாரம் பத்து நாளில் புதிதாகிவிடும். அதன் கீழே இருக்கும் ஸ்ட்ரோமா என்ற நடு அடுக்குதான் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு. கொலாஜன் இழைகள் சீரான இடைவெளியில் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது அது. அந்த ஒழுங்குதான் கருவிழிக்குத் தெளிவு, அதுவேதான் உறுதி. இந்த அடுக்கிலிருந்து எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப வளராது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒற்றை வரிசையாகச் சில செல்கள் இருக்கின்றன. உள்ளே கசியும் நீரை அவை ஓயாமல் வெளியே இறைத்து, கருவிழி உப்பி மங்கிவிடாமல் காக்கின்றன.

கிட்டப்பார்வை வந்தால் பழி பெரும்பாலும் கருவிழிமேல் இல்லை. கண்தான் நீண்டுவிடுகிறது. வளர்ந்தவர்களின் கண் முன்பின்னாக 24 மில்லிமீட்டர். அது ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை பவர் ஏறிவிடும். மைனஸ் 1 பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு மீட்டர் தூரம் வரை தெளிவாகத் தெரியும். மைனஸ் 3 என்றால் 33 சென்டிமீட்டர். மைனஸ் 6 என்றால் 17 சென்டிமீட்டருக்குள் எல்லாம் முடிந்தது. காலையில் எழுந்ததும் தலையணைக்குப் பக்கத்தில் கையால் துழாவிக் கண்ணாடியைத் தேடுகிறவர்கள் இவர்கள்.

நீண்டுவிட்ட கண்ணைக் குறுக்க வழி கிடையாது. அதனால் ஒளி நுழைகிற வாசலிலேயே வளைவைக் குறைக்கப் பார்க்கிறோம். மூக்கின் மேல் வைத்துக் குறைத்தால் கண்ணாடி. கருவிழியின் மேலேயே வைத்தால் கான்டாக்ட் லென்ஸ். கருவிழியையே செதுக்கித் தட்டையாக்கினால் லேசர். மூன்றும் செய்வது ஒரே கணக்குத்தான், வைக்கிற இடம்தான் வேறு. கண்ணாடி கருவிழியைத் தொடுவதில்லை. மற்ற இரண்டும் தொடுகின்றன. சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

கான்டாக்ட் லென்ஸ் லேசர் சிகிச்சையைவிட நூறு ஆண்டு மூத்தது. 1888இல் சூரிச்சில் இருந்த அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர், வெண்விழி வரை மூடும்படி கண்ணாடியிலேயே ஓடுகள் செய்து கண்ணில் பொருத்திப் பார்த்தார். சில மணி நேரத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியவில்லை. கருவிழி மங்கத் தொடங்கிவிடும். காற்றுப் புகாத ஓட்டுக்கு அடியில் அது மூச்சுத் திணறியது என்பதுதான் காரணம். அதற்குப் பிறகான கான்டாக்ட் லென்ஸின் வரலாறு முழுவதும் ஆக்சிஜனைத் தேடிப் போன வரலாறு என்றே சொல்லலாம்.

அதில் பெரிய திருப்பம் பிராக் நகரத்தில் நடந்தது. ஓட்டோ விக்டர்லெ என்ற செக் வேதியியலாளரும் அவருடைய சக ஆய்வாளர் டிராஹோஸ்லாவ் லீமும் தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகிற ஒரு பிளாஸ்டிக்கை 1950களில் உருவாக்கினார்கள். கண்ணுக்கு இது இதமாக இருக்கும் என்பது விக்டர்லெக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அச்சில் வார்த்தால் ஓரம் கிழிந்தது, விழியை உறுத்தியது. இதற்கிடையில் 1958இல் அரசியல் காரணங்களுக்காகக் கல்லூரிப் பதவியிலிருந்தும் அவரை வெளியேற்றினார்கள். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டிலேயே உட்கார்ந்தார். பிள்ளைகள் விளையாடும் மெர்கூர் என்ற உலோகத் துண்டுகள் கொண்ட கட்டுமானப் பெட்டியிலிருந்து ஒரு சிறு இயந்திரத்தை உருவாக்கினார். அதைச் சுழற்ற சைக்கிள் டைனமோவைப் பொருத்தினார். சுழலும் சிறு குழிக்குள் திரவத்தை ஊற்றினால் அது சுழற்சியின் வேகத்தில் ஓரத்துக்கு ஏறி, நடுவில் குழிந்து, அப்படியே இறுகுகிறது. வெளிப்புற வளைவை அச்சு தருகிறது, உட்புற வளைவைச் சுழற்சி தருகிறது, ஓரமும் வழவழப்பாக வந்துவிடுகிறது. அன்று நான்கு லென்ஸ்கள் தேறின. பத்து ஆண்டு கழித்து, 1971இல், மென்மையான லென்ஸ் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று உலகில் கோடிக்கணக்கானோர் அணிவது அந்த வீட்டு மேசையின் வாரிசுகளைத்தான்.

மென்மையான லென்ஸில் இருக்கும் நீர் வழியாக மட்டும் வருகிற ஆக்சிஜன் போதவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. போதாதபோது கருவிழி தானே வழி தேடுகிறது. அதன் ஓரத்திலிருந்து மெல்லிய ரத்தக் குழாய்கள் நடுவை நோக்கி ஊர்ந்து வரும். ரத்தமே இருக்கக் கூடாத இடம் அது. 1990களின் கடைசியில் சிலிக்கோன் கலந்த ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் வந்தன. சிலிக்கோன் வழியே ஆக்சிஜன் எளிதாகக் கடந்துபோகும் என்பதால் இந்தக் குறை பெருமளவு தீர்ந்தது.

தீராத குறை கிருமி. ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதும் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. மென்மையான லென்ஸைப் பகலில் மட்டும் அணிந்து இரவில் கழற்றி வைப்பவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 2 பேருக்குக் கிருமித் தொற்றால் கருவிழிப் புண் வந்தது. லென்ஸோடு தூங்குகிறவர்களில் அந்த எண் 20ஐ ஒட்டிப் போனது. பத்து மடங்கு! சிலிக்கோன் லென்ஸும் இந்த எண்ணைக் குறைக்கவில்லை. ஆகவே பிரச்சினை ஆக்சிஜன் மட்டுமல்ல. கண் சிமிட்டாத இரவில், கண்ணீர் ஓடிக் கழுவாத இரவில், லென்ஸுக்கு அடியில் தேங்கி நிற்கும் கிருமிதான் உண்மையான ஆபத்து. விடிய விடிய பஸ்ஸில் வரும்போது லென்ஸைக் கழற்றாமல் கண்ணயர்ந்துவிடுபவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதைவிடக் கொடியது தண்ணீர். லென்ஸையோ அதை வைக்கும் டப்பாவையோ குழாய்த் தண்ணீரில் அலசுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், எதுவானாலும் கூடாது. அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி மண்ணிலும் நீரிலும் எங்கும் இருக்கிறது. சூழல் மோசமானால் கெட்டியான கூட்டுக்குள் அடங்கிக்கொள்ளும். குடிநீரில் கலக்கும் குளோரின் அந்தக் கூட்டை ஒன்றும் செய்வதில்லை. கருவிழிக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால் மாதக்கணக்கில் மணிக்கொருமுறை மருந்து விட நேரும், அப்படியும் பார்வையைக் காப்பாற்ற முடியாமல் போவதுண்டு. லென்ஸ் அணிபவருக்குக் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால், மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு பொறுத்துப் பார்க்க நேரமில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஓசையில்லாமல் ஆழமாகும். லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், லென்ஸையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. கிருமியை அதிலிருந்தும் கண்டுபிடிக்க முடியும்.

இனி கருவிழியையே மாற்றும் வழிக்கு வருவோம். லேசருக்கு முன்பே பலர் கத்தியால் முயன்றார்கள். டோக்கியோவில் சுடோமு சாட்டோ கருவிழியின் உட்பக்கத்திலிருந்து கீறினார். பவர் குறைந்தது உண்மை. ஆனால் அடியில் நீர் இறைக்கும் அந்த ஒற்றை வரிசைச் செல்களின் வேலை என்னவென்று அன்று தெரிந்திருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவருடைய நோயாளிகளில் பலருக்குக் கருவிழி வெளுத்துப் போனது. மாஸ்கோவில் ஸ்வியாதொஸ்லாவ் ஃபியதொரவ் 1970களில் வெளிப்பக்கத்திலிருந்து, நடுவைச் சுற்றி ஆரக்கால்களாகக் கீறும் முறையைப் பரப்பினார். அமெரிக்காவில் அந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். 43 சதவீதக் கண்களில் பவர் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ எதிர்ப்பக்கமாக நகர்ந்திருந்தது. கிட்டப்பார்வைக்காகக் கீறிய கண், மெல்ல மெல்லத் தூரப்பார்வைக்குப் போய்க்கொண்டே இருந்தது என்று பொருள். உறுதி குலைந்த கருவிழி ஓரிடத்தில் நிற்காது என்ற பாடம் அங்கே கிடைத்தது. கொலம்பியாவின் பொகோட்டாவில் ஹோசே பராக்கர் வேறு வழியில் போனார். கருவிழியின் மேற்பகுதியை வில்லையாகச் சீவி எடுத்து, உறைய வைத்து, கடைசல் பிடித்து, திரும்ப வைத்துத் தைத்தார். எண்ணம் அருமையானது. அதைச் செய்து முடிக்கும் அளவுக்கு நுட்பமான கருவிதான் அப்போது இல்லை.

அந்தக் கருவி கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகம். அங்கே ரங்கசாமி சீனிவாசன் என்ற வேதியியலாளர், புறஊதா ஒளி பிளாஸ்டிக்குகளை என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து அமெரிக்கா போனவர். 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட எக்சைமர் லேசரைப் பாய்ச்சினால் பிளாஸ்டிக் உருகாமல், கருகாமல், பட்ட இடம் மட்டும் அளவாக மறைந்துவிடுவதைப் பார்த்தார். பிளாஸ்டிக்கும் உடலின் திசுவும் நீண்ட கரிமச் சங்கிலிகளால் ஆனவைதானே. அப்படியானால் திசுவில் என்ன நடக்கும்?

1981 நவம்பர் 27. அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்துக் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைச் சீனிவாசன் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து லேசருக்குக் கீழே வைத்தார். குருத்தெலும்பில் ஓரம் சிதையாத சுத்தமான பள்ளம் விழுந்தது. சக ஆய்வாளர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் ஆகியோருடன் சேர்ந்து, பச்சை நிற லேசரையும் இதையும் ஒப்பிட்டார். பச்சை லேசர் பட்ட இடம் பொசுங்கிக் கருத்திருந்தது. எக்சைமர் பட்ட இடத்தைச் சுற்றி எந்தச் சேதமும் இல்லை. ஒரு தலைமயிரின் குறுக்கே சதுரம் சதுரமாக வெட்டுகள் போட்டு அவர்கள் எடுத்த நுண்ணோக்கிப் படம் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. மயிரின் தடிமனே 100 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும்.

ஏன் கருகவில்லை? பச்சை ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் இருக்கும் ஆற்றல், மூலக்கூறின் பிணைப்பை நேரடியாக முறிக்கப் போதாது. அது வெப்பமாக மாறிச் சுற்றிலும் பரவுகிறது. 193 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 6.4 எலக்ட்ரான் வோல்ட். கரிமப் பிணைப்புகளை ஒரே அடியில் முறிக்க அது தாராளம். முறிந்த துணுக்குகள் வெப்பம் பரவ அவகாசம் தராமல், ஆற்றலையும் எடுத்துக்கொண்டே வெளியே பறந்துவிடுகின்றன. இந்த ஒளியைத் திசு மிக மேலோட்டமாகவே உறிஞ்சிக்கொள்வதால் ஆழமாகப் போகவும் போகாது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவுதான் நீங்கும். நான்கு துடிப்புக்கு ஒரு மைக்ரான். எந்தக் கத்திக்கும் எட்டாத நுட்பம் இது.

1983இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல், சீனிவாசனிடம் வந்து கன்றுக்குட்டிகளின் கண்களில் இதைச் சோதித்தார். அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுக் கட்டுரைதான் லேசர் பார்வைத் திருத்தத்தின் தொடக்கம். 1988இல் நியூ ஆர்லியன்ஸில் மார்கெரிட் மெக்டொனால்ட், பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் முதன்முதலாகச் செய்தார். புற்றுநோய் காரணமாக எடுக்கப்படவிருந்த தன் கண்ணை அதற்காக ஒரு பெண்மணி முன்வந்து கொடுத்தார். கிரீட் தீவைச் சேர்ந்த யோவானிஸ் பல்லிகாரிஸ், பராக்கரின் சீவலையும் சீனிவாசனின் லேசரையும் இணைத்து 1990 வாக்கில் லேசிக் முறையைக் கொண்டுவந்தார். சீனிவாசன், வின், ப்ளம் மூவருக்கும் 2013 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அணிவித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்த நம்மூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தச் சென்னைப் பல்கலைக்கழக மாணவரின் பெயர் தெரியும்? ஒளியைப் பற்றிய பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று லேசிக் மேசையில் நடப்பது இதுதான். மரத்துப்போக சொட்டு மருந்து விடுவார்கள், ஊசி இல்லை. இமை மூடாமல் இருக்க ஒரு சிறு கம்பிக் கிளிப். ஒரு வளையம் விழியைப் பற்றி உறிஞ்சிப் பிடிக்கும். அந்தச் சில வினாடிகளில் கண் அழுந்துவதால் பார்வை இருட்டிக்கொண்டு வரும், பயப்பட ஒன்றுமில்லை. முதலில் வேலை செய்வது ஃபெம்டோ வினாடி லேசர். ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு; அந்த அலகில் அளக்கும் அளவுக்குக் குறுகிய துடிப்புகளாக வரும் ஒளி அது. இத்தனை குறுகிய துடிப்புகளை வலுவாக்கும் வழியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெரார் மூரூவுக்கும் டோனா ஸ்ட்ரிக்லாண்டுக்கும் 2018இன் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மேற்பரப்பைத் தொடாமலே, 110 மைக்ரான் ஆழத்தில் நுண்ணிய குமிழிகளை நெருக்கமாக வரிசையிட்டு, கருவிழியில் ஒரு மடலைப் பிரிக்கிறது இந்த லேசர். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும். மருத்துவர் அதை மெல்லத் திருப்பி வைப்பார். எதிரே மினுக்கும் ஒரு வெளிச்சத்தையே பார்க்கச் சொல்வார்கள். எக்சைமர் லேசர் டக்டக்கென்று ஓடும், மயிர் பொசுங்குகிற வாடை அடிக்கும். கண் சற்று அசைந்தாலும் கருவி தானே பின்தொடரும், அதிகம் அசைந்தால் நின்றுவிடும். சில வினாடிகளில் முடிந்தது. கழுவி, மடலைத் திரும்பப் படிய வைத்து, ஓரத்தை நீவிவிடுவார்கள். தையல் கிடையாது. அடியில் நீர் இறைக்கும் செல்களின் இழுவிசையே அதைப் பிடித்துவைக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். சார்ல்ஸ் மன்னர்லின் என்பவர் 1988இல் ஒரு எளிய சூத்திரம் தந்தார். திருத்தும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, மூன்றால் வகுத்தால், ஒரு டயாப்டருக்கு எத்தனை மைக்ரான் எடுக்க வேண்டும் என்பது கிடைக்கும். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 36ஐ மூன்றால் வகுத்தால் 12. கருவிழி 550 மைக்ரான் தடிமன், பவர் மைனஸ் 4 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். லேசர் 48 மைக்ரான் எடுக்கும். மடலுக்கு 110. மடலுக்கு அடியில் மிஞ்சுவது 392 மைக்ரான். கவலையில்லை. இன்னொருவருக்குத் தடிமன் 490, பவர் மைனஸ் 9. லேசர் 108 எடுக்கும், மடல் 110. மிஞ்சுவது 272.

குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்த விதி. அதன்படி இரண்டாமவரும் தேறிவிடுவார். ஆனால் மடலையும் செதுக்கியதையும் கூட்டினால் 218. அவருடைய மொத்தத் தடிமனில் 44 சதவீதத்துக்கு மேல். இந்த விகிதம் 40ஐ எட்டினாலே ஆபத்து கூடுகிறது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. திரும்ப மூடிய மடல் பார்வைக்கு உதவும், பாரம் தாங்க உதவாது. கண்ணுக்குள் எப்போதும் அழுத்தம் இருக்கிறது. காற்றடித்த பழைய சைக்கிள் டியூப் தேய்ந்த இடத்தில் புடைப்பதுபோல, பலமிழந்த கருவிழி மாதங்களோ ஆண்டுகளோ கழித்து முன்னோக்கிப் புடைக்கத் தொடங்கும். பார்வை கோணலாகும், கண்ணாடி போட்டாலும் சரியாகாது. எக்டேசியா என்று இதற்குப் பெயர். அபூர்வமானதுதான். ஆனால் வந்தவருக்கு அபூர்வம் என்ற சொல் எந்த ஆறுதலும் தராது.

எடுப்பதைக் குறைக்க வட்டத்தைச் சிறிதாக்கலாமே என்று தோன்றும். ஆனால் இரவில் பாவை விரியும். திருத்திய வட்டத்தைவிட அது பெரிதாகிவிட்டால், எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். வட்டத்தை 7 மில்லிமீட்டராக்கினால் டயாப்டருக்கு 16 மைக்ரான் போகும். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகிறது. நல்ல மருத்துவர் இந்தப் பேரத்தைத்தான் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே நடத்துகிறார்.

என் அக்கா மகளுக்கு மைனஸ் 5. வரன் பார்க்கத் தொடங்கியதுமே கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். நானும் கூடப் போயிருந்தேன். கருவிழியின் வளைவை அளந்து வண்ணப் படமாகக் காட்டும் டோபோகிராஃபி எடுத்தார்கள். திரையில் மேல்பாதி பச்சை. கீழே ஓரிடத்தில் மட்டும் ஆரஞ்சு, அதன் நடுவில் சிவப்பு. அந்த இடம் மற்றதைவிடச் செங்குத்தாக இருக்கிறது என்று அர்த்தம்.

"கண்ணைக் கசக்குற பழக்கம் உண்டாம்மா உனக்கு?" என்று கேட்டார் டாக்டர். அவள் தலையாட்டினாள்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு இதைவிட ஜாஸ்தி பவர் டாக்டர். அதுக்கே பண்ணியிருக்காங்க," என்றாள் அக்கா.

"பவர் பிரச்சினையே இல்லம்மா. கருவிழி வாகு சரியில்ல. நாங்க கை வெச்சா கூம்பு மாதிரி ஆயிடும். இவளுக்குப் பண்ண மாட்டோம்."

கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழியின் தொடக்க நிலை அது. தெற்காசியர்களிடம் கூடுதலாகக் காணப்படும் குறை, கண்ணைக் கசக்கினால் மோசமாகும். லேசருக்காகப் போயிருக்காவிட்டால் அது கண்டே பிடிக்கப்பட்டிருக்காது. ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், கலந்த சொட்டு மருந்தை விட்டுப் புறஊதா ஒளி பாய்ச்சி, கொலாஜன் இழைகளுக்கிடையே புதுப் பிணைப்புகளை உண்டாக்கிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவானது. அது நோயை நிறுத்தி வைக்கும். வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பும் மருத்துவரிடம் கோபப்படாதீர்கள், வேறிடம் தேடியும் ஓடாதீர்கள். கண்ணாடி போட்ட பெண் என்றால் தட்டிக்கழிக்கும் வீட்டுக்காக அரை மில்லிமீட்டரைப் பணயம் வைக்கச் சொல்வது கொடுமை. அதை அக்காவிடமும் சொன்னேன்.

கருவிழி மெல்லியதாக இருப்பவர்களுக்கு மடலே இல்லாத முறை உண்டு. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு மேற்பரப்பில் செதுக்கும் பி.ஆர்.கே. மடலுக்குப் போகும் 110 மைக்ரான் இதில் மிச்சம். மூன்று நான்கு நாள் எரிச்சலும் வலியும் இருக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். ஸ்மைல் என்ற முறையில் ஃபெம்டோ லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்டி வைக்க, மருத்துவர் சில மில்லிமீட்டர் அளவுள்ள கீறல் வழியாக அதை உருவி எடுப்பார். பவர் மிக அதிகமானால் கருவிழியைத் தொடாமல், விழிலென்ஸுக்கு முன்னால் ஒரு செயற்கை லென்ஸைப் பொருத்தலாம். வேண்டாமென்றால் அதைத் திரும்ப எடுத்துவிடவும் முடியும். இவற்றில் எது புதியது என்பதில் அர்த்தமில்லை. உங்கள் கருவிழிப் படம் எதற்கு இடம் கொடுக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

தகுதியுள்ளவர்களுக்கு லேசிக் நல்ல பலன் தருகிறது, பெரும்பாலானவர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள். ஆனால் மடல் வெட்டும்போது நரம்புகளும் அறுபடுகின்றன. உடலிலேயே நரம்பு மிக அடர்ந்த இடங்களில் ஒன்று கருவிழி. கண் காய்கிறது என்று மூளைக்குச் சொல்லிக் கண்ணீர் வரவைப்பவை அவைதான். திரும்ப வளர மாதங்கள் ஆகும். அதுவரை கண் வறண்டு உறுத்தும், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். ஏ.சி. அறையில் நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவர்களில் சிலருக்கு இந்த வறட்சி நீடிப்பதும் உண்டு. ஏற்கெனவே கண் வறட்சி இருப்பவர் அதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். பதினெட்டு வயது முடிந்து, ஓராண்டாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே தற்காலிகமாக அழுத்தி மாற்றிவிடும் என்பதால், பரிசோதனைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே கழற்றிவிட வேண்டும். கெட்டியான லென்ஸ் என்றால் இன்னும் முன்பே.

எல்லாம் நன்றாக முடிந்து, மைனஸ் 8 இருந்தவர் கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டு படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கண் இன்னும் நீண்ட கண்தான். பின்புறத்தில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருப்பது அப்படியே இருக்கிறது. பவர் போனாலும் விழித்திரை கிழிவதற்கும் விலகுவதற்கும் உள்ள வாய்ப்பு குறையவில்லை. திடீரென மின்னல் அடிப்பது, பூச்சி பறப்பது, ஓரத்திலிருந்து திரை விழுவது என்று எதுவும் தெரிந்தால் உடனே போக வேண்டும். கண்ணாடி இல்லை என்பதால் வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடுகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கண் அழுத்தம் பார்க்கும்போதும் லேசிக் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். மெலிந்த கருவிழியில் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும், கண் அழுத்த நோயான க்ளாக்கோமா தெரியாமல் போகலாம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்தும் வரும். அது விழிலென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியில் செய்த எதுவும் அதைத் தடுக்காது. உண்மையில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்க முடிந்த கிட்டப்பார்வைக்காரரின் வசதி லேசருக்குப் பின் போய்விடுகிறது.

அறுபதில் கண்புரை வரும்போது இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. புரையை எடுத்துவிட்டு வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். கருவிழியின் முன்வளைவுக்கும் பின்வளைவுக்கும் இயற்கையில் ஒரு விகிதம் உண்டு என்று எடுத்துக்கொண்டுதான் வழக்கமான சூத்திரங்கள் ஓடுகின்றன. லேசிக் முன்வளைவை மட்டும் மாற்றிவிட்டது. பழைய சூத்திரத்தில் போட்டால் லென்ஸின் பவர் குறைவாக வந்து, அறுவை முடிந்தபின் எல்லாமே மங்கலாகத் தெரியும். இதற்கென்று தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. லேசருக்கு முந்தைய அளவுகள் கையில் இருந்தால் அந்தச் சூத்திரங்களில் சில இன்னும் துல்லியமாக வேலை செய்யும். அதனால் லேசர் செய்துகொள்பவர்கள் மூன்று தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும்: சிகிச்சைக்கு முன் இருந்த பவர், கருவிழி வளைவின் கெரட்டோமெட்ரி அளவு, தடிமனும் அதில் எத்தனை மைக்ரான் எடுத்தார்கள் என்பதும். மருத்துவமனைகள் பழைய கோப்புகளை முப்பது ஆண்டு வைத்திருக்கும் என்று நம்ப முடியாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் பிறப்புச் சான்றிதழும் இருக்கிற ஃபைலிலேயே அதையும் வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிடுங்கள்.